ஆமை பார்க்கப் போன மாதம்மா

மைசூரில் கல்யாணம் நடந்த வீடுகளில் பாதிப் பேருக்கு மாதம்மாவின் சாம்பாரைத் தெரியும், மாதம்மாவைத் தெரியாது. அது அவர்கள் தப்பில்லை. எந்த மண்டபத்திலும் சமையல்கட்டு பின்பக்கம்தான் இருக்கும். முன்பக்கம் கெட்டிமேளம் கொட்டும் நேரத்தில் பின்பக்கம் அவள் முதல் பந்திக்கு அப்பளம் பொரித்துக்கொண்டிருப்பாள். “ஆயிரம் கல்யாணமாவது பார்த்திருப்பீங்களே” என்று யாராவது கேட்டால் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். எங்கே பார்த்தாள்? சமைத்தாள், அவ்வளவுதான். சொந்த மகள் தீபாவின் கழுத்தில் தாலி ஏறியபோதுகூட, பாயசத்துக்கு வறுத்த முந்திரி கருகிவிடும் என்று உள்ளே ஓடியவள் அவள். திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்து அட்சதை தரையில் கிடந்தது. அந்த முந்திரியை அவள் இன்னும் மன்னிக்கவில்லை.

தமிழ்நாட்டு எல்லையில், ஹனூர் பக்கம், தமிழ் பேசும் மார்டள்ளி அவள் பிறந்த ஊர். கல்யாணமான கையோடு புருஷன் தொட்டையன் கொத்தனார் வேலைக்கு மைசூர் வந்தார். கூடவே இவளும் வந்தாள். அவர் சுவர் கட்டினார், இவள் மண்டபங்களில் தேங்காய் துருவினாள். துருவுகிற கைக்குக் கரண்டி வந்துசேர ஆறு வருஷம் ஆயிற்று. வந்த கரண்டி அதற்கப்புறம் கீழே இறங்கவே இல்லை. ஆட்களைக் கன்னடத்தில் திட்டுவாள், உப்பைத் தமிழில் பார்ப்பாள். ஐநூறு பேருக்குச் சமைக்கும்போதும் அவள் காதில் விழுகிற ஒரே சொல் ‘சீக்கிரம்’தான். அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டே ஐம்பத்து மூன்று வயதாகிவிட்டது.

இப்படிப்பட்டவளைத் தேடி போன வருஷம் சுரேந்தர் வந்தான். சுரேந்தர் சுற்றுலா நடத்துகிறவன். விஜயநகர் பூங்காவில் தினமும் காலையில் நடக்கிற ஓய்வு பெற்ற தமிழ்க் குடும்பங்களை உலகம் முழுக்க நடத்திக் கூட்டிப்போவது அவன் பிழைப்பு. முதல் பயணத்தில் ஐரோப்பாவுக்குப் போனார்கள். முதல் நாள் ரொட்டியைப் புகழ்ந்தார்கள், இரண்டாம் நாள் பொறுத்துக்கொண்டார்கள், மூன்றாம் நாள் ஒரு கோபுரத்துக்கு எதிரில் நின்று ரசத்தை நினைத்துக் கண் கலங்கினார்கள். அன்றிலிருந்து சமையலுக்கு ஆள் இல்லாமல் சுரேந்தர் விமானம் ஏற்றுவதில்லை.

“இந்தத் தடவை கலாபகோஸ் அக்கா. நடுக்கடல்ல எரிமலை கக்கிப் போட்ட தீவுங்க. அங்க இருக்கிற பிராணி எதுவும் வேற எங்கயும் கிடையாது. ஏழு நாள் படகுலயே தங்கி ஒவ்வொரு தீவா பார்க்கணும். சமையலுக்கு நீங்கதான் வரணும்” என்றான்.

“அங்க அப்படி என்ன தம்பி இருக்குது?”

சுரேந்தர் செல்போனில் ஒரு படத்தைக் காட்டினான். ஒரு பெரிய ஆமை, புல்லுக்கு நடுவில், எதற்கும் கவலைப்படாத முகத்தோடு.

“இதுக்கு வயசு நூறுக்கு மேல. பொறந்ததுல இருந்து ஒரு நாளும் அவசரப்பட்டதே இல்லையாம்.”

மாதம்மா படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தாள். நூறு வருஷமாக ஒரு ஜீவன் அவசரப்படாமல் இருந்திருக்கிறது! அவளுக்கு முதலில் பொறாமைதான் வந்தது. பிறகு ஆசை வந்தது. மகள் கல்யாணத்துக்கு வாங்கிய பட்டுப்புடவைமீதுகூட அவளுக்கு அவ்வளவு ஆசை வந்ததில்லை.

“வாரேன். ஆனா இந்த ஆமையை நான் பக்கத்துல நின்னு பாக்கோணும். சமையக்கட்டுச் சன்னல் வழியா எட்டிப் பாக்குற கதையெல்லாம் ஆகாது. சரிங்களா?”

“ப்ராமிஸ் அக்கா. அஞ்சாவது நாள்தான் ஆமை. அன்னிக்கு மத்தியானம் வரைக்கும் உங்களுக்கு லீவு.”

தொட்டையன் சிரித்தார். “ஆமை பாக்கக் கடல் தாண்டோணுமாக்கும்? நம்மூரு ஜூவுக்குப் பஸ்ஸு போகுதே!” அவள் பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்துக்கொள்ளப் போய்விட்டாள்.

தீவுக்கு விமானம் ஏறும் முன்பே முதல் சண்டை நடந்தது. வெளியூர் விதை ஒன்றுகூடத் தீவுக்குள் போகக் கூடாதாம். விழுந்த இடத்தில் முளைத்துவிட்டால் அங்குள்ள செடிகொடிக்கு ஆபத்து. பெட்டியைச் சோதித்த பெண் அதிகாரி கருவேப்பிலையை எடுத்தார், இஞ்சியை எடுத்தார், கடைசியில் கடுகு டப்பாவையும் எடுத்தார். “ஏனுங், எண்ணெயில போட்டுப் பொரிச்ச கடுகு எந்தக் காலத்துலங்க முளைச்சிருக்குது?” என்று அவள் கேட்டாள். அந்த அம்மாளுக்குத் தமிழ் தெரியாததால் நியாயம் எடுபடவில்லை. உடைத்த பருப்பு முளைக்காது என்பதால் தப்பித்தது. வீட்டிலேயே தாளித்துக் கொண்டுவந்த புளியோகரே கொஜ்ஜு, அதாவது புளிக்காய்ச்சல், அதிகாரியை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தானும் தப்பித்தது.

படகில் மைசூர்க்காரர்கள் பதினாறு பேர். விருந்தாளிகள் பதினான்கு, சுரேந்தர் ஒன்று, மாதம்மா ஒன்று. அடுப்படி ஒரு பெட்டி அளவுதான். அதில் ஏற்கெனவே ஒரு சமையல்காரர் இருந்தார். பெயர் வில்சன். மாதம்மாவுக்கு உயிர் வந்தது. கிறிஸ்தவர்கள் நிறைந்த மார்டள்ளியில் வில்சன் என்று கூப்பிட்டால் ஏழு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். இவர் எட்டாவது ஆள், பாஷைதான் வேறு என்று வைத்துக்கொண்டாள். அவர் ஸ்பானிஷில் பேசினார், இவள் தமிழில் பேசினாள், இருவருக்கும் ஒரு குறையும் இல்லை. இரண்டாம் நாளே வில்சன் புளிக்கரைசலை ருசித்துவிட்டு, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து உப்புப் போதாது என்று காட்டினார். உப்பு நிஜமாகவே போதவில்லை.

தீவைத்தான் காணோம். காலை ஏழு மணிக்கு எல்லோரும் ரப்பர் படகில் ஏறித் தீவில் இறங்குவார்கள். அது இவள் மத்தியானச் சமையலைத் தொடங்கும் நேரம். மூன்று மணிக்கு மறுபடி இறங்குவார்கள்; அது பக்கோடாவுக்கு வெங்காயம் நறுக்கும் நேரம். அடுப்படியில் வட்டமாக ஒரு கண்ணாடி இருந்தது. அதன் வழியாக அவள் பார்த்தது தண்ணீர், தண்ணீர், அப்புறம் ஒரு நாள் ஏதோ ஒரு பறவையின் வால்.

போனவர்கள் பசியோடு திரும்பி வந்து கதை அளப்பார்கள். கடலுக்குள் நீந்தி மேயும் பல்லியாம். குளிரூரில் இருக்க வேண்டிய பெங்குவினாம். எந்தப் பிராணிக்கும் மனுஷனைக் கண்டு பயமில்லையாம்; கடல்சிங்கம் நடுப்பாதையில் படுத்துத் தூங்கியதாம், இவர்கள்தான் சுற்றிப் போனார்களாம். வங்கி மேனேஜராக இருந்து ஓய்வு பெற்ற கிருஷ்ணராஜ், நீலக்கால் பறவை ஒன்று பெட்டையை மயக்க ஒவ்வொரு காலாகத் தூக்கி ஆடுவதை, வேட்டியைப் பிடித்துக்கொண்டு அடுப்படி வாசலில் ஆடியே காட்டினார். வில்சன் கைதட்டினார். மாதம்மா கரண்டியோடு நின்று பார்த்தாள். பறவையைப் பார்க்க வந்து கிருஷ்ணராஜைப் பார்த்துக்கொண்டிருக்கிறோமே என்று அவளுக்கு நெஞ்சு எரிந்தது.

மூன்றாம் நாள் தொட்டையன் போன் பண்ணினார். “ஆமை பாத்தியா?”

“பாத்தேன்.” வாய் தானாகச் சொல்லிவிட்டது.

“எம்மாம் பெருசு?”

“நம்ம சாம்பார் அண்டா இருக்குதல்லோ, அத்தனை பெருசு.”

போனை வைத்ததும் அவளுக்கு அவமானமாக இருந்தது. புருஷனிடம் சொன்ன முதல் பொய் இல்லைதான். ஆனால் இவ்வளவு தூரம் வந்தும் ஒன்றும் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாமல் சொன்ன பொய் இது. இன்னும் இரண்டு நாள், அஞ்சாவது நாள் வந்துவிடும் என்று தன்னையே தேற்றிக்கொண்டு வெண்டைக்காய் நறுக்கப் போனாள்.

நான்காம் நாள் மாலை, காபி நேரத்தில், கிருஷ்ணராஜ் அடுப்படிக்கு வந்தார். அவர் பேச்சில் பாதி கன்னடம்; சாப்பாட்டை ஊட்டம் என்பார்.

“மாதம்மா, நாளைக்கு என் வீட்டம்மா கௌரிக்கு அறுபது முடியறது. ஒப்பிட்டு இல்லாம என்ன பர்த்டே? மத்தியான ஊட்டத்துக்குச் சூடா இருக்கணும். ஆளுக்கு ரெண்டு. ஆய்த்தா?”

ஒப்பிட்டு என்றால் போளிதான். பருப்பு வேகவைத்து, வெல்லம் சேர்த்து அரைத்து, மாவு பிசைந்து ஊறவைத்து, ஒவ்வொன்றாகத் தட்டிச் சுட வேண்டும். முப்பது ஒப்பிட்டுக்குக் காலை முழுக்கப் போய்விடும். மாதம்மா சுரேந்தரைப் பார்த்தாள். சுரேந்தர் கடலைப் பார்த்தான்.

“தம்பி?”

“அக்கா, பெரியவர் கேட்டுட்டார். நான் எப்படி வேண்டாம்னு சொல்றது? உங்களுக்கு ஆமை வீடியோ எடுத்துட்டு வர்றேன். நல்லா கிட்டக்க எடுக்கிறேன். அடுத்த வருஷம் நிச்சயமா...”

“அடுத்த வருசமும் இதே கடல், இதே அடுப்புத்தானுங்க தம்பி” என்று சொல்லிவிட்டு அவள் பருப்பை அளக்கத் திரும்பினாள். கை அரைப்படி அளந்தது. மனசு அளக்கவில்லை. தீபா கல்யாணத்து முந்திரி வாசனை மூக்கில் ஏறியதுபோல் இருந்தது. பருப்பை மறுபடி டப்பாவில் கொட்டி மூடினாள்.

மறுநாள் காலை இட்லி, சட்னி எல்லாம் ஆறு மணிக்கே மேசைக்கு வந்துவிட்டது. சாப்பிட்டு முடித்துப் பின்தளத்துக்கு வந்தவர்கள் அப்படியே நின்றார்கள். ரப்பர் படகில் முதல் ஆளாக மாதம்மா உட்கார்ந்திருந்தாள். புடவைக்கு மேலே ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை, மூன்று வாரும் இறுக்கிப் பூட்டியிருந்தது. காலில் தீபா வாங்கிக்கொடுத்த கான்வாஸ் ஷூ.

“அக்கா, எழுந்திருங்க. எல்லாரும் பார்க்கிறாங்க” என்றான் சுரேந்தர் தணிந்த குரலில்.

“பாக்கட்டும். நான் ஆமை பாக்கப் போறேன்.”

“அடுப்பு?”

“அணைச்சாச்சு.”

கிருஷ்ணராஜுக்கு முகம் கறுத்தது. “அப்போ மத்தியான ஊட்டம்? ஒப்பிட்டு?”

“வில்சனண்ணன் இருக்காருங்க. சோத்தை வெச்சு கொஜ்ஜைப் போட்டுப் பிசைஞ்சா ஆச்சு, சொல்லிக் குடுத்திருக்கேன். ஒப்பிட்டு மத்தியானத்துக்கு இல்லீங்க. ராத்திரிக்கு வேணும்னா நாலு மணிக்கு வந்து சுட்டுத் தாரேன். இப்ப என்னை எறக்கோணும்னா படகோட சேத்துத் தூக்கித்தானுங்க எறக்கோணும்.”

இப்படியெல்லாம் பேசியது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. படகின் கயிற்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ரப்பர் படகு ஓட்டுகிறவர் என்ன பிரச்சினை என்று புரியாமல் எல்லோரையும் பார்த்துச் சிரித்தார்.

அப்போது பிறந்தநாள்காரி கௌரம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

“முப்பத்தாறு வருஷமா என் பிறந்தநாளுக்கு உங்களுக்குப் பிடிச்ச ஒப்பிட்டு. எனக்குச் சர்க்கரைன்னு டாக்டர் சொல்லியும் அஞ்சு வருஷம் ஆச்சு. யாருக்கு இந்த ஒப்பிட்டு?” என்று புருஷனைக் கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்காமல், முட்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கி மாதம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். “தள்ளுங்க மாதம்மா, இடம் விடுங்க.”

பிறகு எல்லோரும் ரப்பர் படகில் இறங்கினார்கள். கிருஷ்ணராஜ் கடைசியாக இறங்கினார்.

கரையிலிருந்து பஸ்ஸில் மேட்டுநிலத்துக்கு ஏறினார்கள். கீழே வெயில், மேலே தூறல். ஒரு பண்ணை வாசலில் ஆளுக்கொரு ஜோடி ரப்பர் பூட்ஸ் கொடுத்தார்கள். மாதம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பெரிய பூட்ஸில் சளக் சளக்கென்று சேற்றில் நடந்தாள். வழிகாட்டி ஃபௌஸ்தோ கை காட்டிய இடத்தில் முதலில் அவளுக்கு ஒரு பாறைதான் தெரிந்தது. பாறை கழுத்தை நீட்டியது.

சாம்பார் அண்டா எல்லாம் அதற்குப் பத்தாது. மற்றவர்கள் படம் எடுத்து முடித்து அடுத்த ஆமைக்கு நகர்ந்துவிட்டார்கள். மாதம்மா அங்கேயே குந்தினாள். ஆமை அவளைப் பார்த்தது. பார்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தது. ஒரு வாய் புல்லைக் கடித்தது. மென்றது. மென்றுகொண்டே இருந்தது. விழுங்கியதும் கண்ணை மூடி, கொஞ்ச நேரம் சும்மா இருந்து, அடுத்த வாய்க்குக் கழுத்தை நீட்டியது. மூக்கில் தூறல் விழுந்ததையும் அது பொருட்படுத்தவில்லை.

பக்கத்தில் ஒரு கொய்யாப்பழம் விழுந்து கிடந்தது. மாதம்மாவின் கை தானாகப் போய் அதை எடுத்துத் துடைத்தது. வெறும் புல்லையே தின்கிறதே என்று நீட்டப் போனாள்.

“நோ! நோ!” என்று ஃபௌஸ்தோ ஓடிவந்து ஒரு பலகையைக் காட்டினார்.

பின்னாலேயே வந்த சுரேந்தர் படித்துச் சொன்னான். “இதுங்களுக்கு யாரும் சாப்பாடு போடக் கூடாதாம் அக்கா.”

“யாருமா?”

“யாரும்.”

“நானுமா?”

“நீங்களும்தான் அக்கா.”

மாதம்மா கொய்யாவை எடுத்த இடத்திலேயே வைத்தாள். பலகையை ஒருமுறை பார்த்தாள், ஆமையை ஒருமுறை பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சின்னச் சிரிப்பாகத் தொடங்கி, வயிறு குலுங்கி, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். நீர் வந்தபிறகு அது சிரிப்பால் வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை. பக்கத்தில் இருந்த கல்லில் உட்கார்ந்து கையிரண்டையும் மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு உயிர் கண்ணெதிரே சாப்பிடுகிறது, தான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. அப்படி அவள் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. அவளுக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.

பஸ் இரண்டு தடவை ஹாரன் அடித்தது. சன்னல் வழியாகக் கிருஷ்ணராஜ் மணிக்கட்டைத் தட்டித் தட்டிக் காட்டினார். சேற்றில் வழுக்கி விழாமல் சுரேந்தர் ஓட்டமும் நடையுமாக வந்து நின்றான்.

“அக்கா, எல்லாரும் பசியோட இருக்காங்க. சீக்கிரம் வாங்க அக்கா.”

மாதம்மா திரும்பவில்லை.

“இருங்க தம்பி” என்றாள். “அவரு இன்னும் சாப்பிட்டு முடிக்கல.”