பத்தாவது தாள்

பேய், பிசாசு, ஆவி ஒன்றையும் நம்புகிறவன் நான் அல்ல, அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், இதைப் படித்துவிட்டு நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்குக் கோபம் வராது. முள்ளியவளையில் என் வீட்டுப் படலையிலிருந்து சுடலைக்கு நானூற்றுப் பன்னிரண்டு காலடி. எனக்கு இப்போது எண்பத்தொரு வயது, அந்த வழியால் முப்பத்தேழு பேரைக் கொண்டுபோன ஊர்வலங்களில் நடந்திருக்கிறேன், அவர்களில் ஒருவராவது திரும்பி வந்து என்னோடு கதைத்ததில்லை. நான் சொல்லப்போகிறவர் அந்த வழியால் போனவரல்ல. அவருக்கு அதுகூடக் கிடைக்கவில்லை.

என் வேலையைப் பற்றிச் சொல்லாவிட்டால் இது விளங்காது. தெற்கில் ஓர் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில், திட்டப் பிரிவில், பதின்மூன்று வருடமும் நான்கு மாதமும் இருந்தேன். எண்பத்துமூன்றுக் கலவரத்தில் உடுத்த உடுப்போடு ஊருக்கு வந்தவன். அடுத்த மாதம் எந்தக் கப்பலில் வடிக்காத எந்த மசகு எண்ணெய் வரும், அதிலிருந்து பெற்றோல் எவ்வளவு, மண்ணெண்ணெய் எவ்வளவு, டீசல் எவ்வளவு வடிப்பது என்று முன்கூட்டியே கணக்குப் போடுவதுதான் எங்கள் வேலை. மாதத்துக்கு ஒரு திட்டம் போதாது. கப்பல் பிந்தினால் ஒன்று, உலை பழுதானால் ஒன்று, எண்ணெய்க்குக் கேள்வி கூடினால் ஒன்று என்று ஏழெட்டுப் போடுவோம். எல்லாத் திட்டத்துக்கும் பொதுவான எண்கள் சில உண்டு: எந்த எண்ணெயில் என்ன வீதம் வடியும், எந்தத் தாங்கியில் எவ்வளவு கொள்ளும். அவை ஒரே பொதுப் புத்தகத்தில் இருக்கும். ஒரு திட்டத்துக்கு மட்டும் உரிய எண்கள் தனித்தாளில் இருக்கும். ஒரு திட்டத்துக்காகப் பொது எண்ணை மாற்றிப் பார்க்க வேண்டுமென்றால் தனித்தாளில் மாற்று, அந்தத் திட்டத்துக்குத் தாளில் உள்ளதே செல்லும், புத்தகத்தில் கை வைக்காதே. புத்தகத்தையே திருத்தத்தான் வேண்டுமென்றால் பழைய எண்ணை அழிக்கக்கூடாது, வாசிக்கக்கூடிய மாதிரி ஒரு கோடு, பக்கத்தில் புது எண், காரணம், திகதி, திருத்தம் கேட்டவரின் கையெழுத்து. எனக்கு மேலே இருந்த பெரியவர் இதை மாதத்துக்கு ஒரு தரமாவது சொல்லுவார். தாளில் பிழைவிட்டால் ஒரு திட்டம் கெடும், புத்தகத்தில் பிழைவிட்டால் எல்லாத் திட்டமும் சரிபோலவே இருந்துகொண்டு கெடும் என்பார்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில், போரில் பாதை மூடி, வன்னிக்குள் எரிபொருள் எண்ணி எண்ணி வந்த காலத்தில், ஊர்ச் சங்கமொன்றின் மண்ணெண்ணெய்க் களஞ்சியத்தை என் தலையில் கட்டினார்கள். வந்ததும் நான் முன்பு திட்டம் போட்ட அதே ஆலையில் வடித்த எண்ணெய்தான், அதை நினைத்தாலே எனக்கு வயிறு எரியும். ஆனாலும் செய்தேன். சீமெந்துப் பை வெட்டி அட்டை போட்ட ஒரு கொப்பி பொதுப் புத்தகம் ஆயிற்று. வைத்தியசாலைக் குளிர்பெட்டிக்கு நாளுக்கு எவ்வளவு, அரைக்கும் ஆலைக்கு மணிக்கு எவ்வளவு, குடும்பத்துக்கு எத்தனை போத்தல், கடற்கரைப் படகுகள் பத்தொன்பதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு தரம் கடலுக்குப் போய்வரப் பதினான்கு லீற்றர். அந்தந்த மாதத்தின் விசேஷங்கள் தனித்தாளில். சனம் என்னை றிபைனறி ஐயா என்று கூப்பிடும், பகிடிக்குத்தான்.

மண்ணெண்ணெயைப்போலக் கடதாசியும் அப்போது இல்லை. ஆனி மாதக் கடைசியில் என்னிடம் பதினொரு தாள் இருந்தது. அடுத்த லொறியில் பாதி எண்ணெய்தான் வரும் என்று ஒரு கதை அடிபட்டது. பாதி வந்தால் எப்படிச் சமாளிப்பது என்று பார்க்க ஒரு தாள் எடுத்திருக்க வேண்டும். ஒரு தாள். அதை மிச்சம் பிடிக்க நினைத்து, பொதுப் புத்தகத்தில் பென்சிலால் எழுதியிருந்த பதினான்கை இறப்பரால் அழித்துவிட்டுப் பதினொன்று என்று போட்டுப் பார்த்தேன், பார்த்துவிட்டுத் திருப்பி எழுதலாம்தானே. அந்த நேரம் பார்த்து யாரோ கூப்பிட்டார்கள், எழுந்து போனேன். மூன்று நாளில் லொறி முழு எண்ணெயோடு வந்தது. பாதித் திட்டத்தை மறந்தேன். பதினொன்று புத்தகத்திலேயே இருந்தது.

ஆடி மாதம் முடிய இருநூறு லீற்றர்ப் பரல் மூன்றும் எண்பத்துநான்கு லீற்றரும் மிஞ்சியது. பத்தொன்பது படகு, பன்னிரண்டு தரம், மூன்று லீற்றர். நீங்களே பெருக்கிப் பாருங்கள். சங்கத்து மனேஜர் என்னைக் கூட்டத்தில் எழுப்பி நிற்கவைத்துப் பாராட்டினார். கைதட்டினார்கள். நானும் சிரித்துக்கொண்டு நின்றேன்.

ஆவணி பிறந்த முதல் சனிக்கிழமை சவிரிமுத்து வந்தார். கடற்கரையிலிருந்து ஐந்து மைல் சைக்கிளில் வருவார், நாற்பத்துமூன்று வயது, வேதக்காரர், தான் கண்டதைச் சத்தமாகச் சொல்லுகிற மனிதர். எண்ணெயை வீட்டில் தேக்கி வைக்க விடாத காலம், ஒரு தரம் போவதற்கு ஒரு கான், அவ்வளவுதான் கொடுப்போம்.

"ஐயா, பதினொண்டு காணாது. முந்திப் பதினாலு தந்தனீங்கள்."

"முந்தித் தந்தது கூடவாக்கும். புத்தகத்தில பதினொண்டுதான் கிடக்கு."

"புத்தகம் கடலுக்குப் போறேல்லை ஐயா, நாங்கள்தான் போறம். சோளகக் காத்து கரையிலயிருந்து வெளிய தள்ளுது. போகேக்க சுகம், வரேக்கதான் எண்ணெய் குடிக்கும். கரையோரம் மீன் இல்லை. எனக்கெண்டாலும் ரெண்டு லீற்றர் கூடப் போடுங்கோவன்."

"ஒருவருக்கு மட்டும் கூட்டுறதெண்டால் அதுக்குத் தனித்தாள் எழுதவேணும். தாள் இல்லை."

அவர் என் மேசையைப் பார்த்தார். ஆடிக்கு ஒன்றும் ஆவணிக்கு ஒன்றும் எழுதியது போக மிஞ்சிய தாள்களின் மேல் நான் பாரத்துக்கு ஒரு இரும்பு வளையம் வைத்திருந்தேன். கானைத் தூக்கிக்கொண்டு போனார்.

பதினொன்று ஏன் என்று எனக்கே அப்போது நினைவில்லை என்றால் நம்புவீர்களா? காரணமில்லாமல் பொதுப் புத்தகத்தில் நான் கை வைக்கமாட்டேன் என்று என்னை நானே நம்பினேன். என் எழுத்து, என் புத்தகம், மிச்சம் வேறு காட்டுகிறது. அப்படியென்றால் சரியாகத்தானே இருக்கவேண்டும்.

புதன்கிழமை பின்னேரம் மூன்று பத்து. மணிக்கூட்டைப் பார்த்தேன், அது என் பழக்கம். நல்ல வெயில். வாசலில் வெறும் பரல் ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் ராமையா இருந்தார், மலையகத்திலிருந்து வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறியவர், களஞ்சியத்தில் பரல் உருட்டுவது அவர்தான். சவிரிமுத்து உள்ளே வந்து மேசைக்கு முன்னால் நின்றார். நெஞ்சுவரை நனைந்திருந்தார். வழியிலுள்ள நந்திக்கடல் களப்பில் இறங்கி வந்திருப்பார் என்று நினைத்தேன். கையில் கான் இல்லை.

"கான் எங்கை சவிரி?"

"கானுக்கு வரேல்லை ஐயா. புத்தகத்தை எடுங்கோ."

குரல் தாழ்ந்திருந்தது, அவருடைய குரல் தாழ்ந்து நான் கேட்டதேயில்லை. சனிக்கிழமை பேசியது எனக்கும் நான்கு நாளாக உறுத்திக்கொண்டுதான் இருந்தது. சரி, ஒரு தாள் போனால் போகிறது என்று இரும்பு வளையத்தைத் தூக்கினேன்.

"உமக்கு ஒரு தனித்தாள் எழுதிவிடுறன், ரெண்டென்ன, மூண்டு லீற்றர் கூட."

"எனக்கு வேண்டாம். தாளில எழுதினா எனக்கு மட்டும்தான். மற்றப் பதினெட்டு வள்ளமும் போய் வரவேணும். பொதுவில திருத்துங்கோ."

கொப்பியை விரித்தேன். வெயில் வெளிச்சத்தில் பதினொன்றுக்குக் கீழே இறப்பர் தேய்த்த பதினான்கின் தடம் தெரிந்தது. உடனே எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது, ஆனி மாதம், பாதி லொறி, மிச்சம் பிடித்த தாள், எல்லாம். முகத்தை நிமிர்த்த முடியவில்லை. பதினொன்றின் குறுக்கே கோடு போட்டேன், பதினான்கு என்று எழுதினேன். காரணம் என்ற இடத்தில் என் பிழை என்று எழுதினேன். கையெழுத்துக்காகக் கொப்பியையும் பென்சிலையும் அவர் பக்கம் திருப்பினேன். பெயருக்கு முன்னால் சிறிய சிலுவை ஒன்று கீறித்தான் அவர் கையெழுத்து வைப்பார். அப்படியே வைத்தார். திகதியும் எழுதினார். பார்த்தேன், திங்கட்கிழமைத் திகதி. எண் பிழைத்தால் எனக்குப் பொறுக்காது.

"இண்டைக்குப் புதன் எல்லே?"

"எனக்கு அதுதான் திகதி ஐயா."

நான் இறப்பரைத் தேடி லாச்சியை இழுத்தேன். நிமிர்ந்தபோது ஆள் இல்லை. வாசலிலிருந்து ராமையா எட்டிப் பார்த்தார்.

"யாரோட பேசிக்கிட்டு இருக்கீங்க ஐயா? வெயிலு தலைக்கு ஏறிருச்சா?"

"சவிரிமுத்துவோடதான். இப்ப உம்மைத் தாண்டித்தானே போனார்?"

"வாசல அடைச்சுக்கிட்டுதான் உக்காந்திருக்கேன், ஒரு கோழி கூட உள்ள போகலீங்க." பிறகு நிலத்தைப் பார்த்தார். "என்னங்க இது, செம்புத் தண்ணியத் தட்டிட்டீங்களா?"

செம்பு மேசையில் நிறைந்தபடியே இருந்தது. மேசைக்கு முன்னால் மட்டும், இரண்டு பாதம் வைக்கிற இடத்தில், தண்ணீர் தேங்கியிருந்தது. வாசலிலிருந்து அதுவரைக்கும் நிலம் காய்ந்துதான் கிடந்தது.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு அவருடைய மனைவி பிலோமினா வந்தா. கூட இரண்டு மீனவர்கள். அவா அழவில்லை.

"திங்கள் விடியப் போனவர் ஐயா. வரேல்லை. வேற கரையில அணைஞ்சிருப்பார் எண்டு ரெண்டு நாள் பாத்தம். வள்ளங்கள் தேடியும் போனது. பதினொரு லீற்றரோட எவ்வளவு தூரம் தேடுறது? பாதியில திரும்பிட்டினம். தேட எண்ணெய் தாங்கோ."

மூன்று பரல் என் முதுகுக்குப் பின்னால் நின்றது. மனேஜரிடம் கேட்கவில்லை, ராமையாவைக் கூப்பிட்டு மூன்றையும் உருட்டச் சொன்னேன். பிறகு, ஏன் செய்தேனோ தெரியாது, கொப்பியை விரித்து அவாவுக்குக் காட்டினேன். புதன்கிழமை வந்தார் என்று சொன்னேன். அவா அந்தச் சிலுவையில் விரலை வைத்துக்கொண்டு கனநேரம் நின்றா. தன் நெற்றியில் ஒரு சிலுவை போட்டுக்கொண்டா.

"அவற்ற கையெழுத்துத்தான்."

"பிள்ளை, நான்..."

"சனிக்கிழமை வந்து எனக்குச் சொன்னவர் ஐயா. தாள் இல்லையெண்டு றிபைனறி ஐயா சொல்லிப்போட்டார், மேசையில ஒன்பது தாள் கிடந்தது, நான் எண்ணினனான் எண்டு சொல்லிச் சிரிச்சவர்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். என்ன கறி சமைத்தேன் என்று சொல்லுகிற மாதிரிச் சொன்னா.

அந்த எண்ணெயோடு தேடப் போன நான்காம் நாள் படகு கிடைத்தது, கன தூரம் வெளியே. கான் காய்ந்து கிடந்ததாம். சவிரிமுத்து கிடைக்கவில்லை, ஒருநாளும் கிடைக்கவில்லை. நான் கூட்டத்தில் எழுந்து, பிழை என்னுடையது, பொது எண்ணை நான்தான் கெடுத்தேன் என்று சொன்னேன். மனேஜர் கொட்டாவி விட்டார். "கடலுக்குப் போறவன் வராமல் விடுறது புதிசே ஐயா? இருங்கோ." அந்த மூன்று பரலுக்கு மட்டும் என்னிடம் விளக்கம் எழுதிக் கேட்டார்கள்.

அதே ஆவணியில் ஒரு நாள் சோளகம் பேய்க்காற்றாக அடித்தது. பதினெட்டுப் படகும் கடலில். நான் கரைக்குப் போய் நின்று எண்ணினேன். பதினெட்டும் வந்தது. கடைசியாக வந்தவர் தாங்கியைக் கழற்றிச் சரித்துக் காட்டினார், ஒரு பேணி எண்ணெய்கூட இல்லை. உங்கட கணக்குத்தான் ஐயா எங்களைக் கொண்டுவந்து சேர்த்தது என்று என் கையைப் பிடித்தார். அந்தக் கையை நான் வீட்டுக்கு வந்து கழுவினேன், எத்தனை தரம் என்று சொல்லமாட்டேன்.

நான் கனவு கண்டேன் என்று வையுங்கள். கையெழுத்தை நானே அறியாமல் போட்டேன் என்று வையுங்கள், வயது போனவன், பிழைவிட்டவன், நடக்கக்கூடியதுதான். ஆனால் இன்னொன்று இருக்கிறது, இதை நான் ராமையாவிடமும் சொல்லவில்லை. அந்த வியாழக்கிழமை பிலோமினா போனபின் இரும்பு வளையத்தைத் தூக்கி, அவா சொன்ன ஒன்பது தாளை எண்ணினேன். பதினொன்றில் இரண்டு எழுதியது போக என் கணக்கிலும் ஒன்பதுதான். பத்து இருந்தது. மூன்று தரம் எண்ணினேன். பத்து. புதன்கிழமை நான் ஒரு தாளும் எழுதவில்லை, எனக்கு ஒருவரும் தாள் தரவில்லை, அந்த ஊரில் தருவதற்கு ஒருவரிடமும் தாள் இருக்கவுமில்லை.

அதற்குப் பிறகு ஒன்றிலும் நான் எழுதவில்லை. பொலித்தீன் பையில் கொப்பியோடு சேர்த்துச் சுற்றி, போன இடமெல்லாம் கொண்டுபோய்க் கொண்டுவந்தேன், இப்போதும் அலுமாரியில் இருக்கிறது. பத்தும் ஒரே அளவு, ஒரே கோடு, ஒரே மஞ்சள். எந்தத் தாள் கூடியது என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், முகர்ந்தும் பார்த்தேன், தெரியவில்லை.

முதலில் எண்ணியதில் பிழைவிட்டிருப்பீர் என்று நீங்கள் சொல்லலாம். என்னைப் பற்றி அப்படிச் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் அந்தச் சனிக்கிழமை சவிரிமுத்துவும் எண்ணினார். அவருக்கும் ஒன்பதுதான் வந்தது.