தேகாய் ஊதிய மூச்சு

"ஊதுங்க சித்தப்பா."

"ஊதிட்டேனே மகளே."

"மூக்கால விட்டீங்க. வாயத் திறந்து ஊதுங்க."

படகிலிருந்த சித்தப்பாவின் மச்சான் பகோவா சிரித்தான். "நம்ம பாஷை, இங்கிலீஷ் ரெண்டும் படிச்ச மூக்கு, மச்சான். எந்த பாஷையில ஊதினாலும் புடிச்சிரும்."

தேகாய் சித்தப்பா ஊதினார். புளித்த கள் குப்பென்று அடித்தது.

"பெட்ரோல் கிடையாது."

"பாளை சீவிட்டு நேரா வரேன். சட்டைதான் நாறுது."

"சட்டைய வாயிலயா போட்டிருக்கீங்க?"

படகே சிரித்தது. பகோவா இறங்கி வந்து ஊதிக்காட்டி, பெட்ரோல் வாங்கினான். அவரை விட்டுவிட்டுப் போனார்கள்.

பசிபிக் கடலிலுள்ள எங்கள் அபையாங் தீவில் பெண்கள் கூடிப் போட்ட சட்டம் இது: குடித்தவனுக்குப் படகு பெட்ரோல் கிடையாது. முந்தின வருஷம் தேகாய் குடித்துவிட்டு எஞ்சினைப் பிடித்தபடியே தூங்கிப்போனார். நீரோட்டம் படகைப் பவளத்திட்டைத் தாண்டி மேற்கே இழுத்துக்கொண்டு போனது. வெளிநாட்டுக் கப்பல் ஒன்று படகிலிருந்தவர்களைத் தூக்கிவருவதற்குள் அவர் மனைவி மயேரே, செத்துவிட்டார் என்றே அழுது முடித்திருந்தாள். "இன்னொரு வாய் குடிச்சா நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்" என்றாள். அவள் சொன்னால் செய்கிறவள்.

பெட்ரோல் பீப்பாய் எங்கள் வாசலுக்கு வந்தது. அதிகம் பேசமாட்டேன், பொய் சொல்ல வராது என்று மோந்து பார்க்கும் வேலையை என்னிடம் விட்டார்கள்.

வாரத்தில் பாதி நாள் தேகாய் நாறினார். ஆனால் எனக்கு என்னவோ பொருந்தவில்லை. கண் சிவக்கவில்லை, நாக்கு குழறவில்லை. குடித்தவர்கள் பீப்பாயை உதைப்பார்கள். இவரோ மறுபேச்சில்லாமல் வீச்சுவலையோடு காயலுக்குப் போய்விடுவார். சாயங்காலம் பிள்ளைகளுக்குப் புளிக்காத இனிப்புக் கள் இறக்க மரமேறி, கள் இறக்குகிற எல்லாரையும்போல உச்சியில் பாடுவார். ஒரு வார்த்தை தவறாது. பகோவாவோடு பகையா? காயல் மீனை ரகசியமாக யாருக்காவது கொடுக்கிறாரா? கண்காணிக்க ஆரம்பித்தேன்.

ஒருநாள் விடிந்ததும் தென்னைக்குப் பின்னால் நின்றார். புளித்த கள் பாட்டிலைச் சாய்த்து, வாய் நிறையக் கொப்பளித்து, மணலில் துப்பினார். எதிரே போய் நின்றேன்.

"சித்தியக் கூப்பிடவா?"

"கூப்பிடு. தினம் ராத்திரி அவளும் மோந்துதான் பாக்குறா, ஒண்ணும் இருக்காது." உட்கார்ந்துவிட்டார். "திட்டைத் தாண்டினதும் பாட்டில் சுத்தி வருது மகளே. ஐஸ் பெட்டிக்கு அடியில இருக்கு. மச்சான் நீட்டினா வேணாம்னு எப்படிச் சொல்ல? சொன்னா உறவு அறுந்துரும். வாங்கினா மயேரே போயிடுவா. நாறுதுன்னு நீ தடுத்தா பழி உம்மேல, எனக்கு மானம்தான் போகும்."

"அப்போ பெட்டியைச் சோதிச்சுப் படகையே நிறுத்திடறேன்."

"நிறுத்து. நல்லதுதான். கரையில உக்காந்து குடிப்பானுங்க, எனக்கும் சேத்து ஊத்துவானுங்க."

பாட்டிலை மூடி என் கையில் கொடுத்தார்.

"இப்ப இதுவே ஆபத்தாயிருச்சு. துப்புறப்போ தொண்டை கேக்குது. நேத்து கொஞ்சம் உள்ள போச்சோன்னு எனக்கே சந்தேகம். நாளையிலேருந்து வெறும் வாயோட வரேன், மகளே. எல்லார் முன்னாடியும் ஊதுறேன். நாறுதுன்னு சொல்லிடு."