கீழ் அலமாரிக்குப் போன புத்தகங்கள்

நூலகத்தில் குழந்தைகள் பிரிவைப் பார்த்துக்கொள்பவளுக்குப் புத்தக அக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது. வயதுக்கு மீறிப் படிக்கிற பிள்ளைக்கு எதைக் கொடுப்பது என்று கையைப் பிசைகிற பெற்றோர் அவளிடம்தான் வருவார்கள். அந்த வயதுப் பிள்ளைகளுக்குச் சாகசக் கதை எழுதுகிறவர்கள்மேல் அவளுக்கு ஒரு குறை உண்டு. பிள்ளை தனியாகக் கிளம்ப வேண்டுமென்றால் முதல் வேலையாக அம்மாவைத் தீர்த்துக்கட்டிவிடுகிறார்கள். அம்மா இருந்தால் சாப்பிட்டுவிட்டுப் போ, குடையை எடுத்துக்கொள் என்பாள். கதை வாசலைத் தாண்டாது. "புள்ளைங்க அதெல்லாம் தாங்கும், தைரியமா குடுங்க" என்று வாய் கூசாமல் சொல்லிவந்தவள்தான்.

அவளுடைய மகளுக்குப் பதினோரு வயது. பள்ளி விட்டதும் நேரே நூலகத்துக்கு வந்து அலமாரி அலமாரியாகத் தின்று தீர்ப்பாள். வாசல் காவலாளி அவளுக்கு வைத்த பெயர் கரையான்.

போன மாதம் புத்தக அக்காவின் மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. ஊசி போட்டுச் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பிய டாக்டர், அவள் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. முடிவு வெள்ளிக்கிழமை வரும். கணவரிடம் மட்டும் சொன்னாள். "கரையானுக்குத் தெரியவே கூடாதுங்க." அவர் தலையாட்டினார். அன்றிலிருந்து மகளைப் பார்க்கும்போதெல்லாம் தேவைக்கு மேல் சிரித்தார்.

மறுநாள் பெரிய பிள்ளைகளின் அலமாரியில் மகளின் கை ஒரு புத்தகத்தை நோக்கிப் போனது. அதுவும் அம்மாவைத் தீர்த்துக்கட்டுகிற கதை என்று பார்த்ததும் புத்தக அக்கா விரைந்து போனாள். "பைண்டிங்குக்குப் போகுது" என்று வாங்கிக்கொண்டாள். பிறகு அந்த ரகத்தை எல்லாம் ஒவ்வொன்றாக உருவி, மேசைக்குக் கீழிருந்த அலமாரியில் வைத்துப் பூட்டினாள். மேல் அலமாரி பல் விழுந்த வாய் மாதிரி ஆயிற்று.

வியாழக்கிழமை சாயங்காலம் மகள் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். கையில் புத்தகம் இல்லை. அதுவே நல்லதாகப் படவில்லை.

"எல்லாமே கிழிஞ்சிடுச்சாம்மா?"

"ஆமா."

"புதுசு கூடவா?"

புத்தக அக்கா கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நீ எடுத்ததுல பாதி நான் படிச்சதுதான். படிச்ச எல்லாத்துலயும் அம்மா செத்துப்போறா." குரலில் நடுக்கம் இல்லை. "அப்பா வேற சும்மா சும்மா சிரிக்கிறாரு. உனக்கு என்னம்மா?"

பொய் சொல்ல வாயெடுத்தாள், வரவில்லை. "நாளைக்குத்தான் தெரியும்" என்றாள்.

மகள் சாவிக்குக் கையை நீட்டினாள். மேசையைச் சுற்றி வந்து, பூட்டைத் திறந்து, தரையில் உட்கார்ந்தாள்.

"படிக்காததுல ஒண்ணு எடுத்துக் குடு. அம்மா ரொம்ப நாள் இருக்கிறது எது?"

ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கேட்ட மாத்திரத்தில் எடுத்துக் கொடுப்பவள், பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டினாள். புரட்ட வேண்டிய அவசியமே இல்லை, எல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஒன்றில்கூட அம்மா முதல் அத்தியாயத்தைத் தாண்டவில்லை.