திருப்தி என்று அடித்த படிவங்கள்

நாற்பத்தொரு வயதுக்குள் ஒன்பது வேலைகளை உதறியவள் அவள். துணிக்கடை, பல் ஆஸ்பத்திரி வரவேற்பு, பள்ளிக்கூட அலுவலகம் என்று எங்கே போனாலும் ஆறே மாதத்தில் நாற்காலி முள்ளாய்க் குத்தும். "இவ காலில சக்கரம்" என்பாள் அக்கா. வீட்டுக்காரர் பஸ் டிரைவர். "இருபது வருஷமா ஒரே ரூட்ல போய்ட்டு வரேன், எனக்கு என்ன கொறஞ்சு போச்சு?" என்பார்.

பத்தாவது வேலை, செயற்கைக்கால் செய்து தரும் கூடத்தில் டைப்பிஸ்ட். கால் பொருத்திக்கொண்டவர்களிடம் கேட்டுப் படிவம் நிரப்ப வேண்டும். கடைசிக் கட்டத்தில் 'திருப்தி' என்று அடித்துவிட்டால் அடுத்த ஆள். ஐந்து மாதத்தில் இருநூறு பேருக்காவது அடித்திருப்பாள். உள்ளே அரம் உரசும் சத்தம் கேட்கும், எட்டிக்கூடப் பார்த்ததில்லை. இந்த வேலையையும் விட நாள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் கணக்கு வாத்தியார் ஒருவர் நின்றிருந்தார். அன்றுதான் கால் வாங்கியவர். புதுக்கால் துணிப்பைக்குள் கிடந்தது. அவர் பழைய ஊன்றுகோல்களில் தொங்கிக்கொண்டிருந்தார்.

"என்ன சார், போட்டுக்கலையா?"

"வலிக்குதும்மா. முட்டிக்குக் கீழ ஊசி குத்துற மாதிரி."

"நல்லாயிருக்குன்னு சொன்னீங்களே?"

"நீங்க தலைய நிமித்தாம கேட்டீங்க. சரி, அவசரம் போலன்னு சொல்லிட்டேன்." குறையாகச் சொல்லவில்லை, சும்மாதான் சொன்னார்.

அவளுக்குச் சுருக்கென்றது. பஸ் வந்தது. அவள் ஏறவில்லை, அவரையும் ஏற விடவில்லை. பையை வாங்கிக்கொண்டு அவரோடு கூடத்துக்குத் திரும்பி நடந்தாள்.

கால் பொருத்துகிற டெக்னீஷியன் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தான். அவளைவிடப் பத்து வயது சின்னவன். "படிவம் முடிஞ்சு போச்சேக்கா."

"முடிஞ்சதுன்னு அடிச்சவ நான்தான். தப்பா அடிச்சுட்டேன்."

பெருமூச்சு விட்டுக் கதவைத் திறந்தான். "லிப்ஸ்டிக் இருக்கா?"

கேலி என்று நினைத்தாள். அவன் அதை வாங்கி வாத்தியாருக்கு வலிக்கிற இடத்தில் தடவி, காலை மாட்டிக் கழற்றச் சொன்னான். செயற்கைக்காலின் உள்பக்கத்தில் ஒரு சிவப்புப் பொட்டு பதிந்திருந்தது. அந்த இடத்தை அரத்தால் இழைத்தான். மூன்றாவது தடவை மாட்டிய பிறகு வாத்தியார் சுவரைத் தொடாமல் வாசல்வரை போய் வந்தார்.

"ரெண்டு நாள் நடந்து பாத்துட்டுத்தான் சொல்லுவேன்" என்றார். இந்த முறை அவள் நிமிர்ந்துதான் கேட்டிருந்தாள்.

மறுநாள் பழைய படிவங்களை அள்ளிப்போட்டு ஒவ்வொருவருக்காகப் போன் செய்தாள். முப்பத்தொரு பேர் காலைக் கட்டிலுக்கடியில் போட்டு வைத்திருந்தார்கள். "இருக்கிற வேலை போதாதா? ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிறியே" என்று மேலாளர் கத்தினார். ஆனாலும் முப்பத்தொரு பேரையும் வரவழைத்தாள். அதோடு நிற்காமல், பொருத்தும் அறையில் உதவியாளாகப் போட்டுவிடும்படி எழுதிக் கொடுத்தாள்.

"ஒரு படி கீழ எறங்கறதுக்கு யாராவது மனு போடுவாங்களா?" என்றார் வீட்டுக்காரர்.

"நான் போட்டிருக்கேன்."

பொருத்தும் அறைக்குப் போய் இரண்டு வருடம் ஆகிறது. மனசு அமைதியாகிவிட்டது என்று சொன்னால் பொய். தெருவில் யார் சாய்ந்து நடந்தாலும் கண் பின்னாலேயே ஓடுகிறது. ஒருமுறை முன்பின் தெரியாத ஒருவரை நிறுத்தி விசாரித்து நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். நேற்றுக்கூடச் சாப்பாட்டில் பாதியில் கை நின்றது.

"என்ன, இந்த வேலையும் கசந்துபோச்சா?" என்றார் வீட்டுக்காரர்.

"இல்லங்க. ஒரு பொண்ணு படியேறும்போது மட்டும் எடது பக்கம் சாயுது. ஏன்னு பிடிபடல" என்றவள், எழுந்து ஒற்றைக்காலில் சுவரைப் பிடித்து நின்று பார்த்தாள்.