காது மிஷினும் மைக் செட்டும்

டீக்கடையில் ‘சீனி கம்மி’ என்று சொல்லக்கூடக் கூச்சப்பட்டு, வந்ததைக் குடித்துவிட்டுப் போகிற ஆள் நான். வாராவாரம் படிக்கிற உங்களுக்குத் தெரியும். அப்படிப்பட்டவன் கையில் போன பௌர்ணமியன்று ஒரு பொருள் சிக்கியது.

திருப்பரங்குன்றத்தில் கிரிவலம். சாயங்காலக் கூட்டம். காலடியில் கடலைத் தோல் மாதிரி ஏதோ கிடந்தது. மிதிக்கப் போய்க் காலை இழுத்துக்கொண்டேன். பாட்டுக் கேட்கிற புளூடூத் என்று நினைத்துக் கைக்குள் மூடினால்… ‘கீ’ என்று கத்துகிறது.

காது மிஷின்!

கீழே கிடந்ததை எடுத்தவன் என்ன செய்ய வேண்டும்? உரியவரிடம் கொடுக்க வேண்டும். அஞ்சாங்கிளாஸோடு நின்ற எனக்கே இது தெரியும். எப்படிக் கொடுப்பது? அதைத்தான் எந்த வாத்தியாரும் சொல்லித் தரவில்லை.

பக்கத்தில் அன்னதானப் பந்தல். மைக் பிடித்திருந்தவரிடம் காட்டினேன்.

“இங்கனயே நில்லுங்கண்ணே. இப்ப ஓடி வருவாக பாருங்க” என்றவர், தொண்டையைச் செருமினார்.

“காது கேக்காத பக்தர் யாராச்சும் காது மிஷினைத் தொலைச்சிருந்தா, உடனடியாப் பந்தலுக்கு வரவும்!”

ஒருவரும் வரவில்லை. மறுபடி கூப்பிட்டார். மறுபடியும்.

பந்தலோரம் கடலை விற்ற அக்காவுக்குப் பொறுக்கவில்லை. “ஏப்பா, காது கேக்காத ஆளை மைக்குல கூப்பிடுறியே… எப்படிப்பா வரும்?”

மைக்காரர் ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

மிஷினோடு மெல்ல நழுவி, அது கிடந்த இடத்துக்கே திரும்பி நடந்தேன். அங்கே ஒரு அம்மா குனிந்து தரையைத் துழாவிக்கொண்டிருந்தார். கல்யாண வயதில் மகள், செல்போன் டார்ச்சைப் பிடித்தபடி பக்கத்தில்.

“எதையாச்சும் தொலைச்சிட்டீங்களா?” என் குரல் எனக்கே கேட்கவில்லை.

“இல்லண்ணே. ஒண்ணுமில்ல” — மகள் பட்டென்று டார்ச்சை அணைத்தாள்.

உரியவரே இல்லை என்றால், என்ன செய்வது? ஆனால் அம்மாவின் கை அடிக்கொரு தரம் காதுக்குப் போய்ப் போய் வந்தது. நான் பேசாமல் உள்ளங்கையை விரித்து நீட்டினேன்.

பிடுங்காத குறையாக எடுத்துக்கொண்டார்.

மகள் குரலைத் தாழ்த்தினாள். “தப்பா நினைக்காதீகண்ணே. நாளைக்கு என்னயப் பொண்ணு பாக்க வாராக. அவுக பேசுறது ஒண்ணு விடாமக் கேக்கணும்னு அம்மாவுக்கு அம்புட்டு ஆசை. ஆனா மாப்ள வீட்டுச் சொந்தமெல்லாம் இந்தக் கூட்டத்துலதான் சுத்துது. காது விஷயத்தை நாங்களே பக்குவமாச் சொல்லிக்கிறலாம்னு இருந்தோம். அதுக்குள்ள மைக்குல கூப்பிட்டா… எப்படிண்ணே வந்து வாங்குறது?”

அதற்குள் அம்மா மிஷினை மாட்டிவிட்டார். காதில் விழுந்த முதல் சத்தமே மைக் செட்தான்.

“யாரோ காது மிஷினைத் தொலைச்சிட்டாகளாம்டி… பாவம்!” என்றார், சிரிக்காமல். மகளுக்குத்தான் சிரிப்பை அடக்க முடியவில்லை.

நானும் அதுவரை, ஊரறியக் கொடுப்பதுதான் நேர்மை என்று நினைத்திருந்தேன். சில பொருள்களை நான்கு பேருக்குத் தெரியாமல் கொடுத்தால்தான், கொடுத்ததாக அர்த்தம் போலிருக்கிறது.

பந்தலுக்குப் போய், “குடுத்தாச்சுங்க” என்றேன்.

“அப்படியா! யாருண்ணே ஆளு?”

“யாரோ… வாங்கிட்டுக் கூட்டத்துல போயிட்டாங்க.”

சொல்லிவிட்டு நடையைக் கட்டினேன். நாலு எட்டு வைப்பதற்குள் முதுகுக்குப் பின்னால் மைக் அலறியது.

“காது மிஷினை எடுத்துக் குடுத்த நேர்மையான அண்ணன் எங்கிருந்தாலும் உடனடியாப் பந்தலுக்கு வரவும்! அண்ணனுக்குப் பொன்னாடை போர்த்தி…”

அந்த நிமிஷத்திலிருந்து மலையைச் சுற்றி முடிக்கும் வரை எனக்கும் காது கேட்கவில்லை.