மேல்பாரில் இருந்த நசுங்கல்

நம்புகிறவர்கள் நம்பட்டும். நம்பாதவர்கள் என் பட்டறைக்கு வந்து, சுவரில் தொங்கும் அந்தப் பச்சை ஃப்ரேமை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுப் போகட்டும். கதை ஜோடிக்கிற அளவுக்கு எனக்குச் சாமர்த்தியம் கிடையாது. என் வீட்டுக்காரி சாட்சி. அவளும் அந்தச் சத்தத்தைக் கேட்டாள்.

பேய் என்றால் நடுராத்திரியில்தான் வரும் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். எனக்கு வந்தது பட்டப்பகலில். சாயங்காலம் நாலு மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு. தினமும் அதே நேரத்துக்கு.

நான் பழைய எஃகு சைக்கிள்களைப் பழுது பார்க்கிறவன். கீழே பட்டறை, மேலே வீடு. நசுங்கின ஃப்ரேமோடு வருகிறவர்களுக்கு நான் வழக்கமாகச் சொல்வது ஒன்றுதான். விரிசல் இல்லையென்றால், மடிப்பு விழவில்லையென்றால், அப்படியே விட்டுவிடுங்கள். எஃகு ஒரு சின்னப் பள்ளத்தோடு நூறு வருஷம் உழைக்கும். இருபத்திரண்டு வருஷமாக இதை ஊருக்கெல்லாம் சொன்ன வாய்தான் இது.

என் மச்சினனுக்காகத்தான் அந்தச் சைக்கிளை எடுத்தேன். மனைவியின் தம்பி. அவளுக்கு இருந்த ஒரே கூடப்பிறந்தவன். கொஞ்சமாகச் சாப்பிட்டு நிறையப் பேசுவான் என்பதால் வீட்டில் அவனுக்குக் குருவி என்று பேர். மூன்று வருஷம் வேலை இல்லாமல் எங்களோடு இருந்தான். கடைசியில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆஸ்பத்திரியில், ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். காலை ஏழு முதல் நாலு வரை. பஸ்ஸை நம்பினால் வேலை போய்விடும்.

பழைய இரும்புக் கடையில் அந்த ஃப்ரேமைப் பார்த்ததும் கையை எடுக்க மனம் வரவில்லை. கரும்பச்சை. கையால் இழுத்த மெல்லிய பொன்னிறக் கோடுகள். துரு இல்லை. ஒரே ஒரு குறைதான். சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் நடுவே போகும் மேல்பாரின் இடது பக்கம், ஹேண்டில் பொருந்தும் கழுத்திலிருந்து பதினேழு சென்டிமீட்டரில், பெருவிரல் படிகிற அளவுக்கு ஒரு நசுங்கல். ஆழம் மூன்று மில்லிமீட்டர்.

அது எப்படி வந்தது என்று எந்த மெக்கானிக்கும் சொல்லிவிடுவான். வண்டி விழும்போது ஹேண்டில்பார் சுழன்று மேல்பாரில் மோதியிருக்கிறது. வேறு எதனாலும் அந்த இடத்தில் அப்படி விழாது.

குருவி பார்த்தான். அதில் விரலை வைத்துப் பார்த்தான்.

"கன்னத்துல மச்சம் மாதிரி இருக்கு அத்தான். இருந்துட்டுப் போகட்டுமே."

என் மனைவியும் அதையேதான் சொன்னாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. பட்டறைக்காரன் வீட்டு வண்டியில் நசுங்கலா, நாலு பேர் சிரிக்க மாட்டார்களா என்று நினைத்தேன். என் தலைக்கனம்தான் காரணம். இதை எழுதும்போது கூட என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

செவ்வாய்க்கிழமை.

முதலில் பெயின்ட்டைச் சுரண்டினேன். உப்புத்தாள் போட்டு, அந்த இடத்தை வெள்ளையாகத் தேய்த்தெடுத்தேன். யாராவது பழைய பட்டி வைத்து அடைத்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும் அல்லவா? எதுவும் இல்லை. பட்டி இல்லை, பித்தளை இல்லை. வெறும் எஃகு. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நசுங்கல் எடுக்க ஒரு கட்டை உண்டு. கெட்டி மரத்தில் இரண்டு பாதி. நடுவில் குழாயின் அளவுக்கே துளை. கிரீஸ் தடவி, குழாயைச் சுற்றி வைத்து, வைஸ் இடுக்கியில் இறுக்கி, மெல்லத் திருப்ப வேண்டும். கொஞ்சம் இறுக்கு, திருப்பு. மறுபடி கொஞ்சம் இறுக்கு, திருப்பு. பள்ளத்தின் ஓரம் அமுங்க அமுங்க நடுப்பகுதி மேலே வரும். மூன்று மணிக்கு முடித்தேன். கண்ணை மூடித் தடவினால் விரலுக்குத் தெரியாது. ஃப்ரேமை ஸ்டாண்டில் மாட்டிவிட்டு டீ குடிக்க மேலே போனேன்.

ணங்.

மாடிப்படியில் நின்று கடிகாரத்தைப் பார்த்தேன். 4.12. இறங்கி வந்தேன். ஸ்டாண்ட் அசையவில்லை. எதுவும் கீழே விழவில்லை.

நசுங்கல் திரும்பி வந்திருந்தது. அதே இடம். அதே பெருவிரல் அளவு.

சரியாக இறுக்கவில்லை, எஃகு பழைய வடிவத்துக்குத் திரும்பியிருக்கிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் எஃகு அப்படித் திரும்பாது. அது எனக்குத் தெரியும்.

புதன்கிழமை மறுபடி எடுத்தேன். அத்தோடு நூலும் பிடித்துப் பார்த்தேன். பின்சக்கரம் பொருந்துகிற ஒரு முனையில் நூலைக் கட்டி, கழுத்தைச் சுற்றி, மறுபக்க முனைக்குக் கொண்டுவந்து கட்ட வேண்டும். சீட்டுக்குக் கீழே இறங்கும் குழாய்க்கு இரண்டு பக்கமும் நூல் ஒரே தூரத்தில் இருந்தால் ஃப்ரேம் நேராக இருக்கிறது என்று அர்த்தம். கச்சிதமாக இருந்தது. நூலைக் கழற்றாமல் அப்படியே விட்டேன்.

4.12. ணங்.

மேலேயிருந்து மனைவி குரல் கொடுத்தாள்.

"என்னங்க, என்னத்தப் போட்டு உடைச்சீங்க?"

நூலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடது பக்கம் நாலு மில்லிமீட்டர் விலகியிருந்தது. வண்டி வேகமாக எதிலோ மோதினால்தான் அந்த அளவுக்குத் திரும்பும். அது என் ஸ்டாண்டில் சும்மா தொங்கிக்கொண்டிருந்த ஃப்ரேம்.

மறுநாள் காலையில் அளந்தேன். நூல் பழையபடி சரியாக இருந்தது. நசுங்கல் மட்டும் இருந்தது.

வியாழக்கிழமை மூன்றாவது தடவையாக எடுத்துவிட்டு, எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். கதவைச் சாத்தினேன். தெருவில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

4.05. ஒன்றுமில்லை.

4.09. ஈரத் தார்ச்சாலை வாசனை வந்தது. மழை பெய்து பத்து நாள் ஆகியிருந்தது.

4.11. சைக்கிள் மணி அடித்தது... கிணிங்... கிணிங்... தெருவில் இல்லை. ஸ்டாண்டிலிருந்து. அந்த ஃப்ரேமில் மணியே கிடையாது.

பிரேக் கிறீச்சிட்டது... அதில் பிரேக்கும் கிடையாது.

யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். ஏதோ சொல்ல வருகிற மாதிரி...

4.12.

ணங்.

என் கண்ணெதிரே குழாய் உள்ளே போனது.

எதுவும் அதைத் தொடவில்லை.

ஹேண்டில்பார்... பரண்மேல் இருந்தது.

அன்றைக்கே அந்த ஃப்ரேமைத் தூக்கி ஆற்றில் போட்டிருந்தால் இதை எழுத வேண்டியிருக்காது. பயந்தேன். ஆனால் ராத்திரி படுத்து யோசிக்க யோசிக்கப் பயம் போய் வீம்பு வந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் எந்த நசுங்கலும் என்னிடம் இப்படி முரண்டு பிடித்ததில்லை. மனைவியிடம் ஒன்றும் சொல்லவில்லை. குருவியிடமும் சொல்லவில்லை. சொன்னால் கேலி செய்வான் என்று இருந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை கட்டையை எடுக்கவில்லை. காஸ் வெல்டிங் பற்றவைத்து, பள்ளத்தில் பித்தளையை உருக்கி நிரப்பினேன். அரம் போட்டேன், உப்புத்தாள் போட்டேன், பச்சை பெயின்ட் அடித்தேன், பொன்னிறக் கோட்டைச் சின்ன பிரஷ்ஷால் சேர்த்தேன். இனிமேல் உள்ளே போக இடம் ஏது?

4.12. சத்தம் இல்லை.

4.20. சத்தம் இல்லை.

வாய்விட்டுச் சிரித்தேன். சனிக்கிழமையும் சத்தம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஹேண்டில்பார், பிரேக், மணி எல்லாம் பூட்டி வண்டியைக் குருவியிடம் கொடுத்தேன். அவன் மேல்பாரைத் தடவினான்.

"மச்சத்த எடுத்துட்டீங்களா?"

கொஞ்சம் ஏமாற்றம்தான் அவனுக்கு. பிறகு தெருவில் இரண்டு சுற்று சுற்றிவிட்டு வந்து, மிதிக்கவே வேண்டாம், தானே போகிறது என்று அக்காவிடம் அளந்துகொண்டிருந்தான். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் மூன்று வருஷமாகப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை காலை கிளம்பினான். மத்தியானம் வானம் கறுத்தது. மூன்றரைக்கு மழை பிடித்து, நாலுக்கு விட்டது. நான் வேறு ஒரு வண்டிக்கு டயர் மாற்றிக்கொண்டிருந்தேன். கதவு வழியாக ஈரத் தார்ச்சாலை வாசனை வந்தது.

நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தேன்.

4.11.

கிணிங்... கிணிங்...

காலியாக இருந்த ஸ்டாண்டிலிருந்து வந்தது.

யாரோ மூச்சை இழுத்தார்கள். இந்தத் தடவை வார்த்தையும் வந்தது.

"அத்தா..."

ணங்.

மேலே பாத்திரம் துலக்கும் சத்தம் நின்றது.

"இன்னிக்கும் என்னங்க அது?" என்றாள் அவள்.

நான் வாயைத் திறக்குமுன் போன் அடித்தது.

பாலத்துக்கு இறங்குகிற இடத்தில், நிறுத்தியிருந்த ஒரு வேனின் கதவு திறந்திருக்கிறது. பிரேக் பிடித்திருக்கிறான். ஈர ரோடு. ஹேண்டில் சுழன்று, ஆள் தலைகுப்புற விழுந்து, கழுத்து... அங்கேயே முடிந்துவிட்டது. அவன் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கே கொண்டு போனார்கள். முதல் நாள். யூனிஃபார்ம்கூடக் கசங்கவில்லை.

ஒன்பது நாள் கழித்துப் போலீஸ்காரர்கள் சைக்கிளைத் திருப்பிக் கொடுத்தார்கள். வேறு எங்கும் ஒரு கீறல் இல்லை. நான் நிரப்பிய பித்தளைதான் குழிந்திருந்தது. அளந்தேன். கழுத்திலிருந்து பதினேழு சென்டிமீட்டர். ஆழம் மூன்று மில்லிமீட்டர்.

அழுதுகொண்டே ரம்பத்தை எடுத்தேன். மேல்பாரை அந்தப் பள்ளத்தின் நடுவிலேயே அறுத்தேன். துண்டு துண்டாக்கிப் போட வேண்டும் என்ற வெறி. அறுத்து முடித்து முனையைப் பார்த்தபோது கை நின்றுவிட்டது.

அங்கே எஃகின் மேல் மூன்று அடுக்கு இருந்தது. மேலே மஞ்சளாக என் பித்தளை. அதற்குக் கீழே கொஞ்சம் சிவப்பாக இன்னொன்று. அதற்கும் கீழே சாம்பல் நிறத்தில் ஒன்று. மூன்றும் ஒன்றுக்குள் ஒன்றாகக் குழிந்திருந்தன. அந்த இடத்தை வெறும் எஃகாக என் கையாலேயே தேய்த்துப் பார்த்திருந்தேன் என்று முன்பே சொன்னேன் அல்லவா?

இரும்புக் கடைக்காரரைப் பிடித்து உலுக்கினேன். விற்றவனும் என் தொழில்காரன்தான் என்றார். அவன் ஊருக்குப் பஸ்ஸில் மூன்று மணி நேரம். ஃப்ரேமைப் பட்டறை மூலையில் போட்டுவிட்டுப் போனேன். அவன் கடை பூட்டிக் கிடந்தது. பின்பக்கம் வீடு. கதவைத் திறந்தவனுக்கு என் வயசுதான் இருக்கும். என் விரலில் இருந்த காஸ் சூட்டுத் தழும்பைப் பார்த்தான். ஆள் யார் என்று கேட்கவில்லை.

"பச்சை வண்டியா? பித்தளை வெச்சீங்களா?"

தலையசைத்தேன்.

"யாரு?"

"மச்சினன்."

"எனக்கு மக."

பிறகு அவனே சொன்னான்.

"நசுங்கல் இருந்தா, நடந்து முடிஞ்சுதுன்னு அர்த்தம். எடுத்துட்டா, இனிமேதான் நடக்கணும். எனக்கும் அப்புறந்தான் புரிஞ்சுது. கட்டையால எடுத்தா நசுங்கல் தானே திரும்பி வந்துடும், யாருக்கும் ஒண்ணும் ஆகாது. நாமதான் பித்தளைய வெச்சு வரவிடாம வழிய மூடிட்டோம்."

அதை ஏன் விற்றாய், அழித்திருக்கக் கூடாதா என்று கத்தினேன். அவன் கோபப்படவில்லை.

"அறுத்தீங்களா?"

"அறுத்தேன்."

"எத்தனை அடுக்கு?"

"மூணு."

"நான் அறுத்தப்ப ரெண்டு. சிவப்பா இருக்குமே, அது என்னோடது."

நான் வாங்கியபோது அந்தக் குழாயில் அறுத்த தடம் எதுவும் இல்லை. அவன் கதவைச் சாத்திக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து பட்டறை விளக்கைப் போட்டேன். மூலையில் ஃப்ரேம் முழுசாக இருந்தது. ரம்பம் பட்ட இடம் தெரியவில்லை. பெயின்ட் பழைய பெயின்ட். நசுங்கல் மட்டும் இருந்தது.

அன்றைக்கு எல்லாவற்றையும் மனைவியிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை, அழவுமில்லை. "அவன் அப்படியே விடச் சொன்னான்ல?" என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகு என்னோடு பேசுவதை விட்டுவிட்டாள். வேறு யார் கைக்கும் போகக் கூடாது என்று ஃப்ரேமைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறேன். இந்த வீட்டில் இப்போது நாங்கள் இரண்டு பேர்தான்.

தினமும் நாலு மணி தாண்டியதும் அவள் மாடிப்படியில் வந்து நிற்பாள். கீழே இறங்க மாட்டாள்.

"இருக்கா?"

நான் மேல்பாரில் பெருவிரலை வைத்துப் பார்ப்பேன். நாள் முழுக்க எங்களுக்குள் பேச்சு அவ்வளவுதான்.

"இருக்கு."