வலப்பக்கம் குத்திய பதக்கங்கள்

அப்பாவின் பதக்கங்கள் மூன்றும் எங்கள் வீட்டு பீரோவில், அம்மாவின் கல்யாணப் புடவைக்கு அடியில், ஒரு பவுடர் டப்பாவுக்குள் கிடந்தன. அரசாங்கம் கொடுத்த அசல் அவை. பரேடுக்குப் போட்டுக்கொள்ள அப்பா கடையில் ஒரு நகல் செட் வாங்கி வைத்திருந்தார். தொலைந்தால் நகல் தொலையட்டும் என்று அதை அவர் எடுத்துக்கொண்டு, அசலை அம்மாவிடம் விட்டுவிட்டார். பட்டாளத்துக்காரர்கள் பலரும் அப்படித்தான் செய்வார்களாம்.

மூன்றாம் வகுப்பு விடுமுறையில், லீவில் வந்திருந்தவரிடம் அவற்றைப் பரப்பி வைத்து, எதிரியைச் சுட்டதற்குக் கொடுத்தது எது என்று கேட்டேன். எதுவுமில்லை என்றார். ஒன்று, ஒன்பதாயிரம் அடிக்கு மேலே மலையில் ஆறு மாதம் இருந்ததற்கு. இன்னொன்று, சுதந்திரத்தின் பொன்விழா அன்று பட்டாளத்தில் இருந்த எல்லோருக்கும் கொடுத்தது. மூன்றாவதன் மீதுதான் எனக்கு நம்பிக்கை இருந்தது, அது கார்கில் சண்டைக்கானது. ஆனால் சண்டை நடந்த மலையில் நின்றவர்களுக்கு நட்சத்திரமாம். அதே சமயத்தில் வேறு எல்லையில் காவல் நின்றவர்களுக்கு வட்டமாம். அப்பாவுக்குக் கிடைத்தது வட்டம்.

"எல்லாமே அங்கங்க இருந்ததுக்குக் குடுக்குறதுதான்" என்றார்.

அடுப்படியிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். "சும்மா இருந்ததுக்கா ஒரு வில்லை? இத்தனை வருசமா ஒங்க வீட்டுல நான் இருக்கேனே, எனக்கு எத்தனை வில்லை குடுக்கணும்?"

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு மானமே போனது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் எங்கள் அப்பா மூன்று பேரைச் சுட்டதாக ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தேன்.

லீவு முடிந்து அவர் போனது ராஜஸ்தான் எல்லைக்கு. சண்டை வரும் வரும் என்று ஆட்களைக் கொண்டுபோய்க் குவித்திருந்த சமயம் அது. ரேடியோவில் செய்தி தொடங்கினால் அம்மா கையில் இருக்கும் வேலையைக் கீழே வைத்துவிடுவாள்.

அந்த ஆகஸ்டில் பள்ளிக்கூடத்தில் மாறுவேடப் போட்டி வைத்தார்கள். எனக்கு ராணுவ வீரர் வேடம். அம்மா விடியற்காலையிலேயே கடலைக்குக் களை வெட்டக் கொல்லைக்காட்டுக்குப் போய்விட்டதால், என்னைச் சோடித்தது அத்தை, அப்பாவின் தங்கை. சுதந்திர தினத்தன்று சட்டைப் பையில் காகிதக் கொடி குத்தாமல் எந்தப் பிள்ளையும் பள்ளிக்கூடம் போகாது. எனக்கும் இடது பக்கம் பெரிதாக ஒரு கொடி. பதக்கத்துக்கு அங்கே இடமில்லை. அத்தை மூன்றையும் வலது பக்கம் வரிசையாகக் குத்திவிட்டு, தள்ளி நின்று பார்த்து, திருஷ்டியும் கழித்தாள்.

சிறப்பு விருந்தினர் பக்கத்து ஊர்க்காரர், பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் மேடையேறி சல்யூட் அடித்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். அருகே வந்து குனிந்து, "யாரு மெடலு ஆத்தா இது?" என்றார்.

"எங்கப்பாவோடதுங்க."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. விறைப்பாக நின்று எனக்குப் பதில் சல்யூட் அடித்தார். பிறகு மைக்கைப் பிடித்து, "இந்தப் புள்ளையோட அப்பாவுக்காக எல்லாரும் ஒரு நிமிசம் எந்திரிச்சு நில்லுங்க" என்றார்.

எங்கள் ஊருக்கே தெரிந்த விஷயத்தைத்தான் சொல்கிறோம் என்று அவர் நினைத்தார். பட்டாளத்து ஆளாயிற்றே, தகவல் அவருக்கு முதலில் வந்திருக்கும் என்று ஹெட்மாஸ்டர் நினைத்தார். ஆக யாரும் யாரையும் கேட்கவில்லை. டீச்சர் புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுதார். எல்லோரும் எழுந்து நின்றதைப் பார்த்து, முதல் பரிசு எனக்குத்தான் என்று நான் முடிவு செய்தேன். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

கூட்டத்தில் நின்ற அத்தை, தலையில் அடித்துக்கொண்டு அம்மா இருந்த கொல்லைக்காட்டுக்கு ஓடினாள்.

அம்மா வந்தபோது அவள் கையில் களைக்கொத்து அப்படியே இருந்தது. அழவில்லை. கால் முழுக்கச் செம்மண். நேரே மேடைக்கு வந்து அந்த ஹவில்தாரிடம், "அண்ணே, ஒங்களுக்கு யாரு சொன்னா?" என்று கேட்டாள்.

அவர் திகைத்துப் போனார். "யாரும் சொல்லலையே தங்கச்சி. மெடலு வலது பக்கம் இருக்கே. வாங்குன ஆளு இடது பக்கம் போடுவாரு. அவரு இல்லாமப் போனாத்தான் வீட்டு ஆளுக வலது பக்கம் குத்திக்குவாக. அதான்..."

"அங்கிட்டு கொடி இருந்துச்சு அண்ணி, எடம் பத்தல" என்று அத்தை தேம்பினாள்.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். ஹெட்மாஸ்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஹவில்தார் அம்மாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார், மன்னிக்கச் சொல்லி. அம்மா மட்டும் அசையவில்லை. "அவுக குரலைக் கேட்டாத்தான் நான் வீட்டுக்குப் போவேன்" என்றாள்.

அவர் தன் வண்டியிலேயே எங்களைக் கந்தர்வக்கோட்டைக்குக் கூட்டிப்போனார். டெலிபோன் பூத்தில், அப்பா அவசரத்துக்கென்று கொடுத்திருந்த நம்பருக்குப் போட்டு, இந்தியில் யார் யாரிடமோ பேசினார். அப்பாவைக் கூப்பிட ஆள் அனுப்பியிருக்கிறோம், கொஞ்ச நேரம் கழித்துப் போடுங்கள் என்றார்களாம். நாங்கள் பெஞ்சில் காத்திருந்தோம். அம்மா என் சட்டையிலிருந்து பதக்கங்களைக் கழற்றித் தன் மடியில் வைத்துப் பொத்திக்கொண்டாள். பரிசு யாருக்குக் கொடுத்தார்கள் என்று நான் நச்சரித்துக்கொண்டே இருந்தேன்.

மறுபடி போட்டதும் கண்ணாடிக் கூண்டுக்குள் அம்மா போனாள். கதவு சரியாகச் சாத்தவில்லை.

"ஏங்க, இருக்கீங்களா?" என்றாள்.

அந்தப் பக்கம் அப்பா பதறிப்போய் என்ன விஷயம் என்று கேட்டிருக்க வேண்டும்.

"ஒன்னுமில்ல. புள்ளை நல்லா இருக்கா. சும்மாதான் போட்டேன். இருங்க, வச்சிர்றேன்."

அவ்வளவுதான். இவ்வளவு தூரம் வந்து, இவ்வளவு நேரம் காத்திருந்து, பேசியது அது மட்டும்தான். மாறுவேடத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. போனை எடுத்துப் பேசுகிறவரிடம் இருக்கீங்களா என்று யாராவது கேட்பார்களா என்று வேறு தோன்றியது.

பல மாதங்கள் அந்த எல்லையில் கிடந்ததற்கும் பிற்பாடு ஒரு பதக்கம் கொடுத்தார்கள். அதை அப்பா லீவில் கொண்டுவந்து என் கையில் வைத்தார். இது எதற்கு என்று நான் கேட்க, வழக்கம்போல, "அங்க இருந்ததுக்கு" என்றார்.

அம்மாவின் கேலிக்காக நானும் அப்பாவும் அடுப்படியைப் பார்த்தோம். அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, என்னிடமிருந்து அதை வாங்கி, முந்தானையால் ஒரு முறை துடைத்து, பவுடர் டப்பாவில் மற்ற மூன்றோடு வைத்து மூடினாள். கேலிக்கு இவ்வளவு வாகான இடம் கிடைத்தும் ஏன் சும்மா விட்டாள் என்று எனக்குப் பிடிபடவே இல்லை.